புனோவின் மூச்சு

லிமா விமான நிலையத்தில் பெட்டி வருவதற்கு முன்பே பிடரிக்கு இணக்கி வந்துவிடும். கட்டைவிரல் அகலப் பட்டை அது. ஒட்டிய கால் மணி நேரத்தில் வியர்வை, மூச்சு, ரத்தம் எல்லாம் அந்த ஊர்க்காரருடையதைப் போல மாறிவிடும். கடலோரப் பாலையையும் மழைக்காட்டையும் ஆண்டிஸ் மலையையும் ஒரே பயணத்தில் பார்க்க வந்தவர்கள் அது இல்லாமல் பெரு நாட்டில் அடி எடுத்து வைப்பதில்லை.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி நடத்திய செல்வினுக்கு அது ஒட்டியதே தெரியவில்லை. அவருடைய மனைவி பியூலாவுக்குத் தோல் தடித்துச் சிவந்துவிட்டது. பட்டை வேலை செய்யத் தொடங்குவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"திரும்பிருவோமா?" என்றார் செல்வின்.

"ஆண்டிஸை வருஷக்கணக்கா போர்டுல வரைஞ்சு காமிச்சிருக்கேன். வந்த பிறகு திரும்பவா? மேல என்ன படுதோ படட்டும்" என்றாள் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற பியூலா.

லிமாவில் வானம் சாம்பல் நிறக் கூரையாக நின்றது. பாலைவனம்தான், ஆனால் சூரியன் எட்டிப் பார்க்கவில்லை. மழையாகத் தெரியாத ஈரம் பியூலாவின் முடியை நனைத்து இருமலைக் கொடுத்தது. சாலையே போய்ச் சேராத இக்கிட்டோஸ் நகரத்துக்கு விமானத்தில் போனபோது, உடம்பில் ஊறிய வியர்வை ராத்திரியிலும் உலரவில்லை. செல்வின் இரண்டு இடத்திலும் ஒன்றும் உணராமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆண்டிஸ் மலைமேல் டிட்டிகாக்கா ஏரிக்கரையிலுள்ள புனோவில் பியூலா படுக்கையில் விழுந்துவிட்டாள். தலை பிளந்தது, தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. செல்வினோ வாலிபனைப் போல மலை ஏறி இறங்கினார். விடுதியைப் பார்த்துக்கொண்ட நில்டா என்ற பெண் மலைத் தலைவலிக்குக் கோக்கா இலை போட்ட வெந்நீர் கொண்டுவந்தாள். அவள் பேசியதைக் காதிலிருந்த மொழிமாற்றி தமிழில் சொன்னது.

"உங்கள் கணவருக்கு இங்கே மூச்சு வாங்காது. அவர் விடுவது என் மூச்சு."

"புரியலையே."

"இந்த ஊர் இணக்கிக்கு நான்தான் மூலவர். என் உடம்பில் ஓடுவதைத்தான் எல்லாப் பட்டைக்கும் அனுப்புகிறார்கள். போன மாதம் எனக்குச் சளி பிடித்தது. ஊரிலிருந்த பயணிகள் எல்லாரும் தும்மினார்கள்."

பியூலா தலைவலியோடு சிரித்தாள். பிறகு கேட்டாள்: "நீ கடலைப் பாத்திருக்கியா?"

"இல்லை. கீழே இறங்கினால் என் உடம்பு மாறும். இங்கே இருப்பவர்களுக்கெல்லாம் மூச்சு முட்டும். சாகும்வரை இறங்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்." வெந்நீரை நீட்டிக்கொண்டே கேட்டாள். "கடல் தண்ணீர் கையில் பிசுபிசுக்கும் என்கிறார்களே, உண்மையா?"

சில நாட்களில் பியூலாவின் தலைவலி தானாகவே விட்டது. அவளும் செல்வினும் மெதுவாக ஏரிக்கரைக்கு நடந்தார்கள். வெயிலில் தோல் எரிந்தது, ஒரு சுவரின் நிழலுக்குள் போனதும் பல் கிட்டியது. இவ்வளவு பக்கத்தில் இரண்டு பருவங்கள் இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை.

ஊர் திரும்பிப் பட்டையை எடுத்த அன்றே செல்வின் விழுந்தார். தூத்துக்குடிக் காற்று அவருக்குக் கஞ்சியைப் போலக் கனத்தது. வெயில் பட்டால் மயக்கம் வந்தது. ஏசியைக் கடுங்குளிரில் வைத்து, சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தார்.

இணக்கி நிறுவனத்திலிருந்து அமுதன் என்ற இளைஞன், உடம்பு எந்த ஊருடையது என்று அளக்கும் கருவியோடு வந்தான்.

"உடம்பு புனோவைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது சார். லட்சத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும். தூத்துக்குடி இணக்கி ஒட்டினா சரியாயிடும்."

"ஒட்டுங்க."

"அப்படி ஒண்ணு இன்னும் வரலை. இங்க யாரு சுற்றுலா வர்றாங்க? இந்த ஊர்ல பட்டையே ஏத்துக்காத ஒருத்தர் மூலவரா இருந்தா செஞ்சிரலாம். ஆனா கொடைக்கானல் போறவங்ககூட ஒட்டிட்டுத்தான் போறாங்க." அவன் பியூலாவைப் பார்த்தான். "அம்மா உடம்பு மட்டுந்தான் இந்த ஊர் உடம்பாவே இருக்கு."

"கையெழுத்துப் போட்டா?"

"நீங்க இந்த ஊரைவிட்டுப் போக முடியாது. சார் இருக்கிற வரைக்கும்."

அடுத்த ஆண்டு சிலி நாட்டுக்குப் போவதற்காக அவள் வாங்கிய வரைபடம் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தது. பியூலா அதைப் பார்க்காமல் பேனாவை எடுத்தாள்.

"வை கீழ" என்றார் செல்வின்.

"வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"அந்தப் பொண்ணு கடல் பிசுபிசுக்குமான்னு கேட்டதா நீதான சொன்ன. மலைல நான் சந்தோஷமா ஏறினப்பெல்லாம் அவளக் கட்டிப்போட்டு ஏறியிருக்கேன். இனி உன்னையுமா?"

பியூலா பேனாவை வைத்துவிட்டு ஏசியை நிறுத்தினாள். சன்னலைத் திறந்தாள்.

"எனக்கு அங்க தானா சரியாச்சு. உங்களுக்கும் ஆகும்."

"அப்படி யாரும் செஞ்சதா எங்ககிட்ட தகவல் இல்லம்மா" என்றான் அமுதன்.

உப்புக் காற்று உள்ளே வந்தது. செல்வின் வாந்தி எடுத்தார். அவள் துடைத்துவிட்டு, அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். மறுநாளும் திறந்தாள். அவர் திட்டினார், அழுதார், சாத்தச் சொன்னார். சாத்துவாள், மறுபடி திறப்பாள். ஐப்பசி மழை பிடித்தபோது அவர் வாசல்வரை வந்தார். அது விட்டபோது துறைமுகம்வரை நடந்து, வியர்த்துக்கொண்டு திரும்பினார்.

அமுதன் அளந்து பார்க்க வந்தான். கருவி தூத்துக்குடி என்று காட்டியது. அவன் திரும்பத் திரும்ப அளந்தான். பிறகு கருவியைப் பையில் வைக்காமல் அங்கேயே நின்றான். அவனுடைய பிடரியில் பட்டை இருந்தது.

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து வாரம் ஒரு ஊர்மா. இதைக் கழட்டினதே இல்லை."

"பெறந்தது எங்க?"

"ஓசூர். ஆனா ஒரு தடவை என்னையே அளந்தேன். ஓசூர்னு காட்டலை. எந்த ஊரையும் காட்டலை." குரலைத் தாழ்த்திக் கேட்டான். "இதைக் கழட்டினா நான் எந்த ஊர்க்காரனா இருப்பேன்?"

பியூலாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு தம்பி. எடுத்துப் பாப்போம்."