பதினெட்டாவது ஜன்னல்

தார்ன்பி மாளிகையின் முகப்பில் பதினெட்டு ஜன்னல்கள். அவற்றில் ஒன்று பொய்.

இருநூறு வருடங்களுக்கு முன்பு அந்தப் பழைய வீட்டுக்குப் புது முகப்பு கட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? ஓரிடத்தில் பழைய புகைபோக்கி குறுக்கே நின்றது. அதனால் அங்கே சுவரிலேயே கண்ணாடியும் திரைச்சீலையும் வரைந்துவிட்டார்கள்.

வின்னியின் அம்மா அங்கே ஜன்னல்களைத் துடைக்கும் வேலை பார்த்தார். "அது என் ரூமு. துடைக்கவே வேண்டாம்" என்று அந்த ஜன்னலைக் காட்டிச் சிரிப்பார்.

போன குளிர்காலத்தில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா எங்கே என்று ஆறு வயதுத் தம்பி ரால்ஃப் கேட்டுக்கொண்டே இருந்தான். வின்னிக்கும் பத்து வயதுதான். வேறு பதில் தெரியாமல், "அவங்க ரூம்லதான்டா இருக்காங்க" என்று அந்த ஜன்னலைக் காட்டிவிட்டாள். அன்று முதல் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் இருவரும் அதைப் பார்த்துக் கையசைப்பார்கள்.

இப்போது மாளிகையையே இடிக்கிறார்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்ய உரிமையாளருக்கு வசதி இல்லையாம். சுவர் விழுந்தால் உள்ளே அறை இல்லை என்பது தம்பிக்குத் தெரிந்துவிடும். அம்மாவை அவன் இன்னொரு முறை இழப்பானே என்று நினைத்து வின்னிக்கு ரொட்டி இறங்கவில்லை.

காலையில் இடிப்பு வேலை மேஸ்திரி பெர்கின்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, தம்பி கண்ணில் படுவதற்குள் அந்த இடத்தை முழுதாக இடித்துவிடும்படி கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இடிக்கிறவனுக்கே நேரம் குறிச்சுக் குடுக்கிறியா, பாப்பா? சரி, பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள அந்தப் பக்கத்தையே தரைமட்டமாக்கிடறேன்."

ஆனால் பழைய புகைபோக்கி மேஸ்திரி பேச்சைக் கேட்கவில்லை. மாலையில் பிள்ளைகள் வந்தபோது சுவர் விழுந்து, புகைபோக்கி மட்டும் கரிபிடித்து நின்றது. அறையும் இல்லை, ஒன்றும் இல்லை. வின்னி அழுதுவிட்டாள்.

ரால்ஃப் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் போன மாசமே தெரியும்க்கா. என் பந்து அதுல பட்டுச்சு, கண்ணாடி உடையவே இல்ல."

"அப்புறம் ஏன்டா தினமும் கையசைச்சே?"

"நீ அசைச்சியே. நான் நிறுத்தினா நீ அழுவியே."

வின்னி கண்களைத் துடைத்தாள். இருவரும் அந்த இடத்தைப் பார்த்துக் கடைசியாக ஒருமுறை கையசைத்தார்கள். புகைபோக்கியின் உச்சியில் நின்றிருந்த மேஸ்திரி, தமக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்.