தோத்தவங்க கீழே போகணும்

“தர மாட்டேன்னா தர மாட்டேன்தான். கொடுத்ததைத் திரும்பக் கேக்குறது எந்த ஊர்ல—”

“அத்தை, அது ஒரு கீபோர்டு. வெறும் பிளாஸ்டிக்—”

“செத்தவன் பேர்ல கொடுத்தது லூதா! உங்கம்மா நாப்பதாம் நாள் தன் கையால—”

“நாப்பதாம் நாள் கொடுத்த போர்வையை நீங்க உங்க நாய்க்குப் போட்டீங்க. அப்ப டோரின் அங்க நாயோடதான் படுத்திருக்கானா?”

வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். லூதா என் அண்ணன் இக்னாத்தின் மகள். இத்தாலியில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை. விடுப்பில் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இங்கே திராட்சை பிழிந்த நேரம், தெரு முழுக்கப் புளித்த இனிப்பு வாடை.

சாறு பீப்பாயில் பொங்கிக் கொதிக்கும் அந்த இரண்டு மூன்று வாரம், எங்கள் நிலவறைகளில் காற்று செத்துப் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. குனிந்தால் போதும், ஆள் எழுந்திருக்க மாட்டான். அதனால் மெழுகுவர்த்தி இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. மேலே நிற்பவர் “எரியுதா?” என்று கேட்பார். கீழே போனவர் “எரியுது” என்று பதில் கொடுக்க வேண்டும். சுடர் சுருங்கினால் ஜாடியைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு இதே அக்டோபரில் லூதாவின் தம்பி டோரின் அப்படித்தான் போனான். ஒன்பது வயது. மேலே நின்று கேட்க ஆளில்லை. “தாகமா இருக்குன்னு தானாப் போனான்” என்று லூதா எல்லோரிடமும் சொன்னாள். வழக்கமாகப் பூட்டி வைக்கும் என் அண்ணன் அன்று பூட்டாமல் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தான். அவ்வளவுதான். “என் பிள்ளையைக் கொன்னவன்” என்றாள் அவன் பெண்டாட்டி ஜினாயிதா. அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் அவன் முன்னால் தட்டு வைத்தாள். அவன் செத்ததும் மகன் பக்கத்தில் இடம் தராமல் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் புதைக்கச் சொன்னாள். ஒவ்வொரு வருஷமும், கல்லறைகளில் படையல் வைக்கும் மரித்தோர் ஈஸ்டருக்கு, நான் அவளிடம் போய்க் கெஞ்சுவேன்.

“அண்ணி, அண்ணனை இப்பவாவது பிள்ளை பக்கத்துல மாத்திடலாமே.”

“பூட்டாதவன் அங்கேயே கிடக்கட்டும்.”

டோரின் செத்த நாற்பதாம் நாளில் ஜினாயிதா அவனுடைய சாமான் எல்லாவற்றையும் துண்டும் மெழுகுவர்த்தியும் வைத்துத் தானம் கொடுத்தாள். இங்கே கொடுத்தால் அங்கே அவன் கைக்குப் போகும். கம்ப்யூட்டர் இரண்டு பிள்ளைகளுக்கும் பொது என்பதால் அது வீட்டிலேயே நின்றது. “அவன் விரல் எப்பவும் இதுலதானே இருந்துச்சு” என்று கீபோர்டை மட்டும் கழற்றி என் கையில் வைத்தாள்.

இப்போது ஜினாயிதாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. முழுசாகப் போவதற்குள், கம்ப்யூட்டர் ஆட்டத்தில் மகன் ஓட்டிய பச்சை மனுஷனை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். லூதா மேலே போட்டிருந்த துணியை விலக்கிக் கம்ப்யூட்டரைத் தட்டினாள், ஓடியது. ஆட்டமும் திறந்தது. தலைநகர் கிஷினாவிலிருந்து வாங்கி வந்த புதுக் கீபோர்டுதான் உதவவில்லை. ரஷ்ய எழுத்திலிருந்து ருமேனிய எழுத்துக்கு மாற்றினாள். பழைய வட்டத் துளைக்கு ஏற்ற இணைப்பு வாங்கிச் செருகினாள். ஏழு தடவை அணைத்து ஏழு தடவை போட்டாள். கீபோர்டில் விளக்கு எரிகிறது, ஆட்டம் மட்டும் செவிடாக நிற்கிறது.

“அந்த ஆட்டம் பழைய கீபோர்டு சொன்னாத்தான் கேக்கும் போலிருக்கு அத்தை. ஒரு மணி நேரம். திருப்பிக் கொடுத்துடறேன்.”

“அவன் கையிலேருந்து பிடுங்குறதுக்குச் சமம்டி.”

அப்போது ஜினாயிதாவே வேலியைப் பிடித்துத் தடவிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் செத்ததிலிருந்து அவளாக என் வேலிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“ஒரு தடவை, அக்ரிபீனா.”

கொடுத்தேன். பெட்டியில் எப்படி வைத்திருந்தேனோ அப்படியே, துண்டும் மெழுகுவர்த்தியுமாக. கொடுக்கும்போது சொன்னேன்: “இழுத்தா அவன் விட மாட்டான். பிடிச்சுக்கிட்டே கூட வருவான்.”

“வரட்டுமே,” என்று லூதா சிரித்தாள். “எனக்கும் விளையாட ஆள் வேணும்.”

மத்தியானம் மூன்று மணி. ஜன்னல் வழியாக நல்ல வெயில். நாங்கள் மூன்று பேரும் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடும் ஆட்டம் அது. இடது பக்கத்து எழுத்துகள் சிவப்பு மனுஷனுக்கு. அது லூதாவுடையது. வலது பக்கத்து அம்புகள் பச்சை மனுஷனுக்கு. அது டோரினுடையது. நடுவில் பள்ளங்கள். குதிக்காவிட்டால் விழ வேண்டியதுதான்.

லூதா அம்புகளில் விரல் வைத்தாள். பச்சை மனுஷன் நடந்தான்.

“நடக்குறான்!” என்றாள் ஜினாயிதா. திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தாள். “பாரு அக்ரிபீனா, என் கண்ணு நடக்குறான்.”

முதல் பள்ளம் வந்தது. லூதா மேல் அம்பை அழுத்தினாள்.

விழுந்தான்.

“ஏன்டி குதிக்கலை?”

“பட்டன் துருப்பிடிச்சிருக்கும். இரு.”

மறுபடி நடத்தினாள். மேல் அம்பைக் குத்தினாள், குத்திக்கொண்டே இருந்தாள். விழுந்தான்.

ஆட்டத்தை ஓரமாகத் தள்ளி, வெறும் எழுதுகிற பக்கத்தைத் திறந்தாள். எந்தப் பட்டன் வேலை செய்கிறது என்று அதில் தெரியுமாம். கீபோர்டில் இன்னும் கை வைக்கவில்லை. திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. A, S, W. A, S, W. ஒரு வரி நிறைந்து அடுத்த வரிக்கு இறங்கியது.

“ஒட்டிக்கிச்சு,” என்றாள். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். சூரியகாந்தி விதைத் தோல்கள் உதிர்ந்தன. டோரின் கொறித்துக்கொண்டே விளையாடுவான். கத்தி முனையால் மூன்று பட்டன்களையும் நெம்பினாள். மேலே வந்தன.

பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாகக் கீழே போயின.

நான் குனிந்து பார்த்தேன். மூன்றும் அரிசி அளவுக்கு அழுந்தி இருந்தன. பட்டன் தானாக விழுந்தால் அசையாமல் கிடக்கும். இவை லேசாக ஏறி இறங்கின, விரல் களைத்தால் நடுங்குமே, அப்படி.

புளித்த சாற்று வாடை அறைக்குள் வந்துவிட்டது.

லூதாவின் முகத்தைப் பார்த்தேன். பயமில்லை அது. தெரிந்தவரைத் தெருவில் பார்த்து ஒளிய இடம் தேடுகிற முகம்.

“என்னடி ஆச்சு? ஏன் குதிக்க மாட்டேங்குறான்?” ஜினாயிதா விடவில்லை. “என் பிள்ளை நல்லாக் குதிப்பானே.”

“கீபோர்டோட கோளாறும்மா. மலிவுச் சாமான். இந்தப் பக்கம் இந்த மூணையும் ஒண்ணா அழுத்திப் பிடிச்சா, அந்தப் பக்கம் மேல் அம்பு அதுக்குக் கேக்காது. எவ்வளவு குத்தினாலும்…”

நிறுத்திக்கொண்டாள். சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்மா.”

“எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியுமா?”

லூதா ஆட்டத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தாள். திரையில் பச்சை மனுஷன் மூன்றாவதும் கடைசியுமான உயிரோடு பள்ளத்து விளிம்பில் நின்றான். சிவப்பு மனுஷன் சுவரோரம் குந்தியிருந்தான். அசையாமல், அவனைப் பார்த்தபடி.

“அன்னிக்கு நீங்க விளையாடினீங்க.” ஜினாயிதாவின் குரல் ரொம்பத் தாழ்ந்துவிட்டது. “தோத்தவங்க என்ன செய்யணும்?”

“அம்மா, எனக்குப் பதினாலு வயசு.”

“அவனுக்கு ஒம்பது. தோத்தவங்க என்ன செய்யணும்?”

“கீழே போகணும். போயி ஒரு ஜாடி சாறு கொண்டாரணும்.”

“மெழுகுவத்தியோடயா?”

லூதா கையிலிருந்த கத்தியை மேஜையில் வைத்தாள். “இல்லாம.”

என் அண்ணன் வேலியோரம் கிடக்கிறான். பதினோரு வருஷமாக. எட்டு வருஷம் அவன் சோற்றை ஊமையாக மென்று விழுங்கினான். அப்பன் அப்படிக் கூனிப்போவதை இவள் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள்.

“கதவைப் பூட்ட அப்பா மறந்தது நிஜந்தான் அத்தை,” என்றாள் என்னைப் பார்த்து.

கீபோர்டில் யாரும் கை வைக்கவில்லை. பச்சை மனுஷன் ஒரு அடி முன்னால் நகர்ந்து பள்ளத்தில் விழுந்தான். ஆட்டம் முடிந்தது என்று திரை மின்னியது.

“தோத்துட்ட,” என்றாள் ஜினாயிதா.

“அம்மா!”

“போ. மூணு நாளா நிலவறைக் கதவு திறக்காம இருக்கு. சாறு நல்லா இனிக்கும்.”

“நான் போயி கொண்டாந்து வச்சா, மன்னிப்பியா?”

“வந்தா பேசிக்கலாம்.”

லூதா எழுந்தாள். அடுப்பங்கரையிலிருந்து மண் ஜாடியை எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கோபத்தில். “போறேன். போயி கொண்டாந்து ரெண்டு பேர் முன்னாடியும் வைக்கிறேன். அதோட இது முடியணும். நாளைக்கே அப்பாவை இடம் மாத்தணும்.”

மேஜையில் துண்டுமேல் மெழுகுவர்த்தி இருந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன். அவளிடம் நீட்டத்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. மொபைலை எடுத்து அதன் விளக்கைப் போட்டாள். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம்.

அந்த வெளிச்சம் காற்றைத் தின்று எரிவதில்லை. அது சுருங்காது, அணையாது, எதையும் சொல்லாது. வெளிநாட்டிலேயே இருந்துவிட்டவளுக்கு இது மறந்திருக்கலாம். ஜினாயிதாவுக்கு மறக்கவில்லை. மங்கின கண்ணுக்கும் வெளிச்சம் வெள்ளையா மஞ்சளா என்று தெரியும். அவள் தலையை என் பக்கம் திருப்பினாள். நான் அவளைப் பார்த்தேன்.

இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நிலவறைக் கதவு கூடத்து மூலையில். லூதா தாழ்ப்பாளை இழுத்தாள். வாடை எழுந்து முகத்தில் அறைந்தது. கல்படிகள் பதினான்கு. செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றேன்.

நாலு. ஐந்து.

“எரியுதா?” என்று மேலிருந்து கேட்டாள் ஜினாயிதா.

“எரியுதும்மா. இது அணையாது.” சிரிக்கப் பார்த்த குரல்.

ஒன்பது. பத்து.

பின்னால் அறையில் டக் என்று ஒரு சத்தம். பிறகு டக், டக். மூன்று பட்டன்கள் மேலே எழும்பும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது. நாற்காலி காலி. மேல் அம்பு மட்டும் தாழ்ந்து எழுந்தது, தாழ்ந்து எழுந்தது, சின்ன விரலுக்கு வருகிற அவசரத்தோடு. பச்சை மனுஷன் குதித்தான். முதல் பள்ளத்தைத் தாண்டினான். இரண்டாவதைத் தாண்டினான். மேஜையிலிருந்து விதைத் தோல் ஒன்று தரையில் விழுந்தது.

சிவப்பு மனுஷன் பள்ளத்துக்குள் இருந்தான்.

கீழே ஜாடி உடைந்தது. செருப்புச் சத்தம் நின்றது. கதவோரம் போய் எட்டிப் பார்த்தேன். அடியில் அந்த வெள்ளை வெளிச்சம் கூரையைப் பார்த்தபடி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, துளி நடுக்கமில்லாமல்.

மெழுகுவர்த்தி ஏற்றாமலே என் கையில் இருந்தது.

ஜினாயிதா முட்டி போட்டு உட்கார்ந்தாள். இருட்டுக்குள் முகத்தை நீட்டி, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கேட்டாள்.

“லூதா… எரியுதாடி?”