வாசற்பிறை

"பழிக்குப் பழி வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. கையக் கட்டிட்டு உட்கார்ந்துடுறேன்" என்றான் மலக்கி, அண்ணன் டெஸ்மண்டின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று.

"டீக்குச் சர்க்கரை போதுமா?" என்றாள் நூலா.

"கேட்டதுக்கு இதுவா பதில்?"

கெண்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். அன்று அவளுக்கும் யாராவது சாக வேண்டும் போலத்தான் இருந்தது.

அது நவம்பரில். தட்டியவர்களுக்குக் கதவைத் திறந்த டெஸ்மண்ட் குண்டடி பட்டு வாசலிலேயே விழுந்தான். கத்தோலிக்கன் என்பதைத் தவிர வேறு குற்றமில்லை. பெல்ஃபாஸ்டின் அந்தத் தெருவில் ஒவ்வொருத்தியும் தினமும் தன் வாசல் கல்லைப் பிறை வடிவில் தேய்த்துக் கழுவுவாள். அடக்கத்துக்கு மறுநாளே நூலாவும் கழுவினாள். கறை போயிற்று.

பத்தாம் நாள் காலை, பிறையின் ஓரத்தில், உள்ளங்கையளவு புதிதாக ஒன்று. தொட்டால் வெதுவெதுப்பு, பழைய இரும்பின் வாடை. அன்று மாலை வானொலியில் சொன்னார்கள்: புராட்டஸ்டண்டு ரொட்டிக் கடைக்காரர் ஒருவரைக் கடையிலேயே சுட்டுவிட்டார்களாம். பதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பால்காரர். அதற்குப் பதிலாக அந்தப் பக்கம் இன்னொருவர். அன்று விடியற்காலையே அவளுடைய கல்லில் இன்னொரு கறை. துப்பாக்கி ஏந்திய மலக்கியின் ஆட்கள் செய்தவை மட்டும்தான் அவள் வாசலுக்கு வந்தன.

சோடா உப்பு, பிளீச், கம்பி பிரஷ். விரல் நகங்கள் பிய்ந்ததுதான் மிச்சம்.

"கல்லே கரைஞ்சுடும்டி" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு பெர்னி. "பளபளன்னுதானே இருக்கு?"

நூலா இன்னும் அழுத்தித் தேய்த்தாள். யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. கல்லின் மேலா, மலக்கியின் மேலா, அன்று சர்க்கரையைப் பற்றிப் பேசிய தன் நாக்கின் மேலா.

பிப்ரவரியில் ஒரு மாலை மலக்கி வந்தான். தெருமுனையில் ஒரு கார், எஞ்சினை அணைக்காமல் நின்றது.

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் அண்ணி. டீ எல்லாம் வேண்டாம், நேரமில்ல."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் காலைப் பார்த்தாள். சற்றுமுன் கழுவிய கல். அவன் பூட்ஸைச் சுற்றி ஈரம் ஊறியது. மெதுவாக. கறுப்பாக. உள்ளங்கையளவு இல்லை. தோள் அகலம். ஓர் ஆள் நீளம்.

அதே வாடை.

அவன் அதன் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கார் ஹாரன் அடித்தது. திரும்பினான். பதிந்த அடிச்சுவடு நிரம்பி வழிந்தது.

நூலா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்" என்றாள்.