படிக்கட்டுக் காட்சி காணவில்லை

காலை பத்து மணிக்குக் கல்லூரியின் பின்படிக்கட்டில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். முதலாமவன் இயக்குநர், ஏமாற்றப்படும் நண்பனாக நடித்தவனும் அவனேதான். அடுத்தவன் துரோகியாக நடித்த மொட்டை. இந்த வேடத்துக்காகத் தலையை மழித்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன். பிறகு கேமராக்காரன். கடைசியாக, யார் எங்கே நின்றார், எத்தனை மணிக்கு எது நடந்தது என்று நோட்டில் எழுதும் குறிப்புக்காரி. வேறு ஈ காக்கை கிடையாது.

மதியம் இரண்டு மணிக்கு, அங்கே எடுத்த காட்சியும் கிடையாது.

கல்லூரியின் கருவியறையில் அக்கா ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். கேமரா, விளக்கு, மைக் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் வெளியே போகும், உள்ளே வரும். இயக்குநர் ஒரு காகிதத்தை மேசையில் அறைந்தான். பின்னாலேயே குறிப்புக்காரி ஓடிவந்தாள்.

"கையெழுத்துப் போடுங்கக்கா. க்ளைமாக்ஸை அழிச்சுட்டான்."

அது துறைத்தலைவருக்குப் புகார். அக்கா கையெழுத்துப் போட்டால் கேமராக்காரன் இந்த வருடம் எந்தக் கேமராவையும் தொட முடியாது. படத்தைக் கொடுக்க வேண்டிய நேரம் ஐந்து மணி.

"எதுக்கு அழிக்கணும்?"

"கதை அவனோடதாம். டைட்டில்ல பேர் போடணுமாம். முடியாதுன்னேன். காலைலயே சண்டை."

"கதை அவனோடதா?"

இயக்குநர் சுவரைப் பார்த்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். கதை யாருடையது என்பது குறிப்புக்காரிக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல் பேச்சை மாற்றினாள்.

"எனக்கு என்னவோ யாரோ கேமரா கார்டை மாத்திட்டாங்கன்னு தோணுதுக்கா," என்றாள். "ஒரே மாதிரி இன்னொரு கார்டு..."

"நீ கொஞ்சம் மூச்சு விடும்மா. கார்டுல என்ன இருக்கு?"

"நாலு குப்பை," என்றான் இயக்குநர். "காலு, தரை, காலிப் படி. ஒவ்வொண்ணும் ரெண்டு செகண்ட் பாத்தேன், போதும்னு மூடிட்டேன்."

"நீ பாத்தது ஆரம்பம் மட்டும்தான். போய் மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா."

அவன் விட்டுப்போன கார்டை அக்கா கணினியில் செருகினாள். நாற்பத்தொன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கிளிப் எண்கள் வரிசையாக இருந்தன.

"உன் நோட்டுல எத்தனை டேக்?"

"மூணு. அதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை. பத்து நாலுக்கு." குறிப்புக்காரி படித்தாள். "'கேமராக்காரன் வெளிச்சத்தை மறைக்க மேல் ஜன்னலில் காகிதம் ஒட்டுகிறான். கேமரா ஸ்டாண்டில்.'"

"டேக் எல்லாம் அழிஞ்சிருந்தா நடுவுல நம்பர் தாவணும். தாவலை. ஒவ்வொரு கிளிப்போட வாலையும் போட்டுப் பாரு."

முதல் கிளிப்பின் கடைசியில் இயக்குநரின் குரல்: "ஆக்‌ஷன்!" அத்தோடு படம் அறுந்தது. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும். குறிப்புக்காரி மூன்றையும் நோட்டில் குறித்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

"தலையைப் பாரு," என்றாள் அக்கா. இரண்டு, மூன்று, நான்காவது கிளிப்புகள் மூன்றுமே, "கட்" என்ற சத்தம் அடங்கும்போது தொடங்கின.

கேமராக்காரன் வந்து வாசலிலேயே நின்றான். முகம் தொங்கியிருந்தது. மொட்டை அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள் அக்கா. "இந்தக் கேமராவுல ஓட விடவும் நிறுத்தவும் ஒரே பொத்தான். இவன் ஆக்‌ஷனுக்கு ஒரு தடவை அமுக்கினான், 'கட்'டுக்கு ஒரு தடவை அமுக்கினான். சரியாத்தான் செஞ்சான். ஆனா முதல் ஆக்‌ஷனுக்கு முன்னாடியே கேமரா ஓடிட்டு இருந்துச்சு. அதனால எல்லாம் தலைகீழ். நடிச்சப்ப நின்னுச்சு, சும்மா இருந்தப்ப ஓடுச்சு. டேக் அழியலை. எடுக்கவே இல்லை."

"அது இவனுக்குத் தெரியாதா?" என்றான் இயக்குநர்.

"எப்படித் தெரியும்? ஓடறதைக் காட்டற சிவப்பு விளக்குக்கு மேல கறுப்பு டேப். யார் ஒட்டச் சொன்னது?"

"நான்தான். அந்தச் சிவப்பு ஜன்னல் கண்ணாடில தெரிஞ்சுது."

"கேமரா திரையில எழுத்தெல்லாம் அணைச்சிருக்கு."

"அதுவும்... நான்தான். ஃப்ரேம் சுத்தமா பாக்கணும்னு."

"அப்ப ஓட விட்டது யாரு?" என்று துடித்தாள் குறிப்புக்காரி.

அக்கா முதல் கிளிப்பை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள். காலிப் படி. மேல் ஓரத்து ஜன்னலில் முதுகு காட்டிக் காகிதம் ஒட்டுகிறான் கேமராக்காரன். மூன்றாவது விநாடியில் கேமராவை ஒட்டி ஒரு நீலச் சட்டை நகர்ந்து, படியேறி, திரும்பியது. இயக்குநர்.



"மொட்டை கேமராவைப் பாத்தா விறைச்சுப்போறான்," என்றான் இயக்குநர். குரல் இறங்கியிருந்தது. "ஒத்திகைன்னு சொல்லித் திருட்டுத்தனமா எடுக்கலாம்னு நான்தான் அமுக்கினேன். நடிக்க ஆரம்பிச்சதும் சுத்தமா மறந்துட்டேன்."

"அடப்பாவி," என்றான் மொட்டை. "அப்ப நான் நல்லா நடிச்சது ஒத்திகைலதான்!"

நிஜமாகவே நன்றாக நடித்திருந்தான். காட்சி முழுவதும் இருந்தது. மேல் ஓரத்தில் தெரிந்த முதுகை வெட்டிவிடலாம்; மிச்சம் ஒரே ஓட்டை: இயக்குநர் வசனம் மறந்து திணற, ஜன்னலிலிருந்து கேமராக்காரன் எடுத்துக் கொடுக்கிறான். ஒரு சொல்கூடப் பிசகாமல் சொல்லியிருந்தான். கதை அவனுடையது அல்லவா.

"கேமராவைத் தொட்டியே, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" என்றான் கேமராக்காரன். உள்ளே வந்தபின் அவன் பேசிய முதல் பேச்சு.

"சொல்லிருக்கணும்." இயக்குநர் புகாரை நான்காக மடித்துப் பையில் திணித்தான். "கதைன்னு உன் பேர் போடறேன்."

"போட்டுத்தான் ஆகணும். நோட்டுல நான் சாட்சி எழுதுவேன்," என்றாள் குறிப்புக்காரி. காலையிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

கேமராக்காரன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என் குரல் வர்ற இடத்துல நேத்து எடுத்த கை க்ளோசப்பை வெச்சு மூடலாம். வசனத்தை நீ தனியா பேசிக் கொடு."

"கோவம் இல்லையாடா?"

"இருக்கு. அஞ்சு மணிக்கு மேல உன்னை உதைப்பேன். இப்ப வேலை இருக்கு."

அக்கா பக்கத்து எடிட்டிங் அறையைத் திறந்துவிட்டாள். நண்பர்கள் இருவரும் தோள் இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். குறிப்புக்காரியும் நோட்டோடு பின்னாலேயே போனாள்.

"நீ எங்க போற? உள்ள ரெண்டு நாற்காலிதான்," என்றாள் அக்கா.

கேமராக்காரன் நோட்டை மட்டும் குறிப்புக்காரி கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.