மண் கரைத்த தண்ணீர்

பெரியவரின் மூச்சு நின்றால் குசினியில் பிரிட்ஜும் நின்றுவிடுகிறது என்பதை நாகபூசணி முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தாள். பழைய பிரிட்ஜ். ஓடுவதும் நிற்பதும் அதன் குணம். ஆனால் அன்று பின்னேரம், இந்த நாட்டு யூலை மாதத்துக் குளிர் யன்னல் இடுக்கால் கசிந்து வந்துகொண்டிருக்க, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அவருடைய உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, தொண்டைக்குள் கரகரத்துக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று அறுந்தது. அதே நொடியில் பிரிட்ஜின் இரைச்சலும், சுவர் மணிக்கூட்டின் சத்தமும், ஹீட்டரின் தகரம் சூடேறி முறிகிற சத்தமும், அடுத்த வீட்டு நாய் சங்கிலியை இழுத்துத் திரிகிற சத்தமும் ஒன்றாக நின்றன. வீடே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது போலிருந்தது. பிறகு அவர் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தார். பிரிட்ஜ் ஓடத் தொடங்கியது. நாய் குரைத்தது.

"எனக்கு நித்திரை காணாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவரை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள்.

நார்த்மீட்டில் ஈ காக்கை இல்லாத ஒரு தெருவின் முடிவில் இருந்தது அந்த வீடு. எந்நேரமும் திரைச்சீலை மூடியிருக்கும். மருந்து மணமும், கழுவக் கழுவப் போகாத முதுமையின் புளித்த மணமும், அவருடைய மகன் பூசிக்கொண்டு வருகிற வாசனைத் தைலமும் கலந்து கம்பளத்தில் ஊறிக் கிடக்கும். வேலையைப் பிடித்துத் தந்தவள் மிருணாளினி. கோயம்புத்தூர்க்காரி, காலையில் அவள், பின்னேரம் நாகபூசணி. பேரைக் கேட்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, வெளியில் மூச்சுவிடக்கூடாது என்பது நிபந்தனை. பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் இருக்கிற ஒருத்திக்கு வாயை மூடிக்கொண்டிருக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆள் யாரென்று தெரிந்தது மகள் தாரகாவோடு செய்தி பார்த்த அன்றுதான். டூங்கபியில் அவர்களுடைய சின்ன யூனிட்டில் ஒரு நாள் டிவிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு தேசத்தின் அதிபர், பழைய வீடியோவில் பல்கனியில் நின்று கையசைக்கிறார். பல்லாண்டுகளாக அவர்தான் அங்கே எல்லாம். ஐயா சுகமாக இருக்கிறார், நோய் நொடி எதுவும் இல்லை, அப்படி யாராவது சொன்னால் சிறை என்று அந்த அரசாங்கம் அறிவித்திருந்தது. நாகபூசணி சாப்பாட்டுக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். டிவியில் அசைந்த அந்தக் கையை அன்று பின்னேரம்தான் அவள் கழுவித் துடைத்து, நகம் வெட்டி விட்டிருந்தாள். "நான் பாக்கிற பெரியவர்" என்று அவளுக்கு வாய் தவறியது.

"அம்மா, ஹீ இஸ் எ மொன்ஸ்டர்!" தாரகா கத்தினாள். "நீங்கள் ஏன் அந்தாளுக்குச் செய்யிறியள்?"

"வருத்தக்காரனுக்குச் செய்யிறன் பிள்ளை. அந்தாளுக்கு இல்லை."

"சேம் திங், அம்மா! சேம் திங்!"

பக்கத்து யூனிட்டுக்காரர் சுவரில் தட்டினார். தாரகா அதற்கும் சேர்த்துக் கத்தினாள். நாகபூசணிக்கு உள்ளூரச் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரோடு வாதாடுவதும், கூட்டங்களில் பதாகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பதும் இவளுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. வன்னியில் நாகபூசணி வளர்ந்த வீட்டில் எல்லாரும் கிசுகிசுத்தே பேசினார்கள். சத்தமாகப் பேசிய ஒரே ஆள் அவளுடைய தம்பி, அவனை ஒரு விடியற்காலையில் வந்து கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடவேயில்லை. இந்தப் பெண்ணின் குரல் அடங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அவள் குழந்தையை மடியில் கட்டிக்கொண்டு படகில் ஏறினாள். வேறு எதற்காகவும் இல்லை.

பெரியவரின் வீட்டில் பொழுது படுகிற நேரத்தில் ஒரு சடங்கு நடக்கும். மகன் வருவான். தகப்பனின் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டான். போனை எடுத்து அவருடைய வாயோடு பிடிப்பான். மறுமுனையில் ஒருவன் அந்தத் தேசத்து மொழியில் எதையோ வாசிப்பான், நிறுத்துவான், காத்திருப்பான். பெரியவரின் தொண்டையிலிருந்து ஒரு மூச்சு வெளியே வரும். மகன் ஒரு சொல் சொல்வான். மறுமுனை அடுத்ததை வாசிக்கும். மொழி தெரியாவிட்டாலும் நாகபூசணிக்கு அது விளங்கியது. ஆட்களின் பெயர்களை வாசிக்கிற குரல் எந்த மொழியிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அந்த மூச்சை அங்கே 'ஆம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மூச்சைச் சளி கட்டாமல் காப்பாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பது இவள். அது விளங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலை தாரகா போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடிவந்தாள். "ஸ்டூடன்ட்ஸ், அம்மா. யூனிவர்சிட்டிப் பிள்ளையளும் ஸ்கூல் பிள்ளையளும். இண்டைக்குப் பின்னேரம் அந்தாள் ஓம் எண்டால் நாளைக்குத் தூக்கிலை போடப்போறாங்கள். ஒருத்திக்கு என்ர வயசு." சொல்லிவிட்டு அழுதாள். அழுகையும் சத்தமாகத்தான்.

அன்று வேலைக்குப் போனபோது மிருணாளினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் போன வாரமே கையை விரிச்சுட்டார், நாகுக்கா. சிறுநீர் இல்ல, நாடி இல்ல. இன்னும் எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்காருன்னே தெரியல."

"மண்ணாசை" என்றாள் நாகபூசணி. "சீவன் போகாமல் இப்பிடி இழுத்துக்கொண்டு கிடந்தால் எங்கட பக்கம் அவையின்ர காணி மண்ணைக் கரைச்சுப் பருக்குவினம். பேந்து அடங்கியிடும்."

"ஆமா, எங்க ஊர்லயும் செய்வாங்க. ஆனா இவரோட மண்ணுக்கு எங்க போறது?" மிருணாளினி செருப்பை மாட்டினாள். "மண்ணுன்னா மண்ணுதானே. என்ன பெரிய வித்தியாசம்?" விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாகபூசணி வெகுநேரம் பின்வளவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற நாட்கள். வானத்தின் அடியில் கொஞ்சம் செம்மஞ்சள் மிச்சமிருந்தது. மகனின் கார் எந்த நேரமும் வரலாம். அவள் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தேசிக்காய் மரத்தடியில் கிண்டினாள். மண் கறுப்பாக, ஈரமாக, எதிர்பார்த்ததைவிட இலகுவாக வந்தது. தண்ணீரில் கரைத்து வடித்தெடுத்துக் கட்டிலடிக்குக் கொண்டுவந்தாள். பாவமா புண்ணியமா என்று அவள் யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தாரகாவின் வயது என்பதை மட்டும் யோசித்தாள்.

பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள். ஒரு துளி. இன்னொரு துளி.

பெரியவர் விழுங்கினார். கிழமைக்கணக்காக எதையும் விழுங்காத தொண்டை குழந்தையின் தொண்டை மாதிரி ஆசையோடு ஏறி இறங்கியது. கண் திறந்தது. பால் படிந்த கண்கள் அவளிடம் வந்து நின்றன.

"மோர்" என்றார் ஆங்கிலத்தில், இன்னும் தா என்று.

கொடுத்தாள். அவர் பஞ்சைப் பல்லால் கவ்விச் சப்பினார். அடியில் தங்கியிருந்த மண்டியையும் நாக்கை நீட்டி வாங்கினார். பிறகு அவருடைய கை எழும்பி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்க நியாயமில்லை.

"மைன்?" என்று கேட்டார், பஞ்சில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து.

சாகப்போகிறவரோடு வாதாடக்கூடாது. எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லி மனதை ஆற்றி அனுப்பவேண்டும். இந்த வேலையில் அவள் படித்ததும் அதுதான், ஊரில் பார்த்ததும் அதுதான்.

"ஓம் ஐயா" என்றாள். "உங்கடைதான். யுவர்ஸ்."

அவர் சிரித்தார். வாயோரத்தில் கறுப்பாக ஒரு கோடு வழிந்தது. மூச்சு நின்றது. பிரிட்ஜ் நின்றது. மணிக்கூடு நின்றது. நாகபூசணி காத்திருந்தாள். மூச்சு திரும்பி வரவில்லை.

மற்றவை எல்லாம் திரும்பி வந்தன.

மகன் வந்து போனைத் தகப்பனின் வாயில் பிடித்தான். மறுமுனை வாசித்தது, காத்திருந்தது, திரும்ப வாசித்தது. மகனின் முகம் வெளிறிக்கொண்டு போனது. அவன் போனை அணைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய், இருட்டுக்குள் நின்று வாந்தியெடுத்தான்.

அவர் செத்த செய்தி கசிய, அடுத்த நாள் அந்தத் தேசம் தெருவுக்கு வந்தது. தாரகாவும் நாகபூசணியும் ஒரே போர்வைக்குள் இருந்து போனில் பார்த்தார்கள். சனம் கடல் மாதிரி. சிலையின் கழுத்தில் கயிறு. சிறைக் கதவுகள் திறந்தன. மாணவர்கள் வெளியே வந்தார்கள். தாய்மார் அவர்களைக் கட்டிப்பிடித்துக் குழறினார்கள். பல்லாண்டுகள் பேசாதவர்கள் பேசினார்கள். முன்பின் தெரியாதவர்களை மறித்து மறித்துப் பேசினார்கள். நாகபூசணி வாய்விட்டு அழுதாள். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் செய்த ஒரு காரியத்தால் ஒரு பிள்ளை வீடு திரும்பியிருக்கிறது என்று நினைத்தாள். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டொரு நாள் கழித்து, கழற்றி விட்டுவந்த சப்பாத்தை எடுக்க நார்த்மீட் வீட்டுக்குப் போனாள். வீடு காலி. கட்டில்கூட இல்லை. ஆனால் புளித்த மணம் மட்டும் குறையவில்லை. அது இப்போது வெளியிலும் இருந்தது. தேசிக்காய் மரத்தடியில் அவள் கரண்டியால் கிண்டிய சின்னக் குழி, ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு அகன்று கிடந்தது. மரத்தில் ஓர் இலை இல்லை. அடுத்த வீட்டு நாய் வேலியோரம் வயிறு மண்ணில் பட ஒடுங்கிப் படுத்திருந்தது. அவளைப் பார்த்தது. குரைக்கவில்லை.

ரயிலில் யாரும் போனில் பேசவில்லை. எந்நேரமும் கூத்தும் கும்மாளமுமாக ஏறுகிற பள்ளிக்கூடப் பொடியன்கள் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். பென்டில் ஹில்லில் இறங்கி மரக்கறிக் கடைக்குள் போனாள். கடைக்காரர் சடகோபன் வாய் ஓயாத மனிதர். முருங்கைக்காய் வாங்கப் போனவர்களை அரசியல் பேசி அரைமணி நேரம் மறித்துவைப்பார். அன்று அவர் தலை நிமிரவில்லை.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

அவர் வாயைத் திறக்காமல் சாமானை எடுத்து வைத்தார். வாயோரத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெற்றிலை என்று நினைத்தாள். சடகோபன் வெற்றிலை போடுகிறவர் இல்லை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மிருணாளினிக்குப் போன் எடுத்தாள். மணி போய், எடுபட்டது.

"மிருணா? நான் நாகு. மிருணா, அந்த மண்..."

பதில் இல்லை. ஆனால் ஆள் இருந்தாள். மூக்கால் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. பிறகு கடிபடுகிற சத்தம். நறநற என்று. பிறகு, கஷ்டப்பட்டு எதையோ விழுங்குகிற சத்தம்.

அவள் போனை அணைத்தாள். நடந்தாள். நடை ஓட்டமானது. டூங்கபியில் பொழுது பட்டுக்கொண்டிருந்தது. வீடுகளில் விளக்குகள் எரிந்தன, யன்னல்களுக்குள் குடும்பங்கள் மேசையைச் சுற்றி இருந்தன, டிவிகள் சத்தமில்லாமல் ஒளிர்ந்தன. ஒரு குழந்தைகூட அழவில்லை. ஒவ்வொரு வீட்டு முன்றலிலும் புல் பிடுங்கப்பட்டிருந்தது. கையால் கிண்டிய குழிகள். சின்னக் கைகளின் அடையாளம். பெரிய கைகளின் அடையாளம்.

நான்தான் சொன்னேன். உங்கடைதான் என்று. இந்த ஊர் மண்ணையே வாயால் சொல்லி அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

படியில் ஏறினாள். சாவி துவாரத்தில் போகவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை.

"தாரகா!"

குசினி மேசையில் இருந்தாள். பள்ளிக்கூட உடுப்போடு. தலை குனிந்திருந்தது.

"பிள்ளை, கத்தேன். என்னை ஏசேன். ஏதாவது சொல்லேன்."

தாரகா நிமிர்ந்தாள். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல். அவள் மெதுவாக வாயைத் திறந்து தாய்க்குக் காட்டினாள். உள்ளே நாக்கு தெரியவில்லை. பல் தெரியவில்லை. தொண்டை வரைக்கும் மண். கறுப்பாக, ஈரமாக, நிரம்ப நிரம்ப மண்.

பிறகு வாயை மூடினாள். விரலை உதட்டில் வைத்தாள். கண்ணால் தாயின் படுக்கையறைப் பக்கம் காட்டினாள்.

அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. புளித்த மணம். கட்டிலில் யாரோ புரண்டு படுக்கிற சத்தம்.

"மோர்" என்றது உள்ளே இருந்த குரல்.

தாரகா எழும்பினாள். பூச்சட்டிக்குள் ஒரு கரண்டியை விட்டு அள்ளினாள். இடது கையால் தாயின் நாடியை நிமிர்த்திப் பிடித்தாள், சின்ன வயதில் தனக்குச் சோறு தீத்தும்போது தாய் பிடித்த அதே பக்குவத்தோடு. கரண்டியை உதட்டுக்குக் கிட்டே கொண்டுவந்து, கெஞ்சுகிற கண்ணோடு காத்திருந்தாள்.

நாகபூசணி வாயைத் திறந்தாள்.