நிப்ராஸ் வார்த்த செம்புப் படலம்

விளக்கை அணைத்தால் மின்னோட்டம் குறைய வேண்டும். கூடியது.

சுந்துஸ் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே பஸ்ராவின் பகல் வெயில் சுவர்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஜன்னலில்லாத இந்த அளவீட்டு அறைக்குள் ஏசியின் உறுமலும், கறுப்புத் துணியின் புழுங்கிய வாசனையும், அதற்கடியில் பூண்டு அழுகினாற்போல் இன்னொரு நாற்றமும் தேங்கி நின்றன. கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடித் தகடு. அதன்மேல் அவளுடைய ஆய்வகத் தோழி நிப்ராஸ் கடைசியாக வார்த்த படலம்.

கண்ணுக்குத் தெரியாத செம்புத் துகள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலக்கூற்றுப் போர்வை. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தப் பிளாஸ்டிக். ஒளி பட்டால் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் கடத்தும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். போர்வை நழுவினால் செம்பு காற்றில் கறுத்துவிடும். நிப்ராஸின் மற்றத் தகடுகள் எல்லாம் அவள் இறந்த மாதமே கறுத்துப்போயின. இது மட்டும் மாதுளைச் சாறு போலச் சிவந்தே கிடந்தது.

ஆய்வகத்தில், பூண்டு நாற்றமடிக்கும் நச்சுப்புகையை இழுக்கும் விசிறி ஒரு கோடை முழுக்கப் பழுதாகிக் கிடந்தது. நிப்ராஸ் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். “வேலை செய்ய மனசில்லாதவங்கதான் விசிறியக் குறை சொல்வாங்க” என்றார் அவர்களுடைய பேராசிரியர் முஅய்யத். அவள் மூச்சு முட்டி விழுந்து செத்த பிறகு, விதியை மதிக்காத பெண் என்று விசாரணையில் சொன்னவரும் அவரே. நேற்று, இந்தப் படலத்தைப் பற்றிய கட்டுரையிலிருந்து அவள் பெயரையும் எடுத்துவிட்டார். சுந்துஸ் போய்க் கேட்டாள். அவர் எலுமிச்சை டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

“செத்தவ பேரு எதுக்கும்மா? அவளுக்கு என்ன, பதவி உயர்வா வரப்போகுது?”

அந்தச் சிரிப்பு இன்னும் சுந்துஸின் பல்லிடுக்கில் மணலாய் நறநறத்தது.

மீட்டரில் எண் ஏறியது. எங்காவது வெளிச்சம் கசிகிறதோ? துணியை இன்னொரு மடிப்பாகப் போர்த்தினாள். ஏறியது. மின்னழுத்தம் தரும் கருவியின் வயரையே பிடுங்கினாள். ஏறியது.

மின்வெட்டு. ஏசி நின்றது. மீட்டரும் அணைந்திருக்க வேண்டும்.

எரிந்தது.

பூண்டு நாற்றம். கிட்டத்தில். பெட்டிக்குள் ஒரு கீறல் சத்தம். கண்ணாடிமேல் நகம்.

கதவு திறந்தது. கைப்பேசி வெளிச்சத்தோடு முஅய்யத்.

“என்ன, பேயப் பாத்தவ மாதிரி நிக்கிற?”

“கரண்டே இல்ல டாக்டர். மீட்டர் ஓடுது.”

“பேட்டரி இருக்கும். பிஎச்.டி. பண்றவ பேசுற பேச்சா இது? சாக்கு சொல்ல அவகிட்டதான கத்துக்கிட்ட?”

துணியை விலக்கி, பெட்டியைத் திறந்து, உள்ளங்கையைத் தகட்டின்மேல் அழுத்தி வைத்தார். “பாரு. கண்ணாடி. பிளாஸ்டிக். வேறென்ன இருக்கு இதுல?”

கைப்பேசி வெளிச்சத்தில் சுந்துஸ் பார்த்தாள். அவர் கைக்கு அடியில் கண்ணாடி வெறுமையாக இருந்தது. படலம் இல்லை. சிவப்பு அவர் விரல்களில் ஏறியிருந்தது. மணிக்கட்டு. சட்டைக் கைக்குள். கழுத்து.

அவருக்குத் தெரியவில்லை. அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்.

கையை எடுங்கள் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

“இனிமே அந்தச் சோம்பேறி பேர என் முன்னாடி எடுக்காத” என்றார் அவர்.

அவள் சொல்லை விழுங்கினாள்.

“என்ன பாக்குற?”

“ஒண்ணுமில்ல டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் கைய அப்படியே வைங்க.”

கீழே ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன. அவர் இன்னும் ஏசிக்கொண்டிருந்தார். ஈறு, பல், நாக்கு எல்லாம் தேய்த்து வைத்த புதுச் செம்பு. கண்கள் செம்பு. இமைக்கவில்லை. மார்பு ஏறி இறங்கவில்லை.

திட்டு மட்டும் நிற்கவில்லை.