எலி செத்த கூடாரம்

"கூடாரம் இல்லாம யாரும் மலைக்கு மேல போக முடியாது. நாளைக்குக் காலைல கொண்டு வந்து காட்டுங்க" என்று வனத்துறை அலுவலர் பிலோமினாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். நாளையை விட்டால் மழைக்காலம் முடியும்வரை பாதையை அடைத்துவிடுவார்கள்.

பிலோமினாவின் பூட்டனார், அதாவது அம்மாவின் தாத்தா மிக்கேல், இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமான மெக்கானிக்காக இருந்தவர். அவர் போன விமானம் இந்த மலைகளில் எங்கோ மோதி விழுந்தது. அவருடைய ஒரு சட்டைப் பொத்தான்கூட வீடு வந்து சேரவில்லை. இப்போது ஒரு பாறைப் பிளவுக்குள் விமானத்தின் உடைசல் கிடப்பதாக மலைவாசிகள் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். கூடப் படித்த கோமதியும் இப்ராகிமும் துணைக்கு வரச் சம்மதித்தார்கள். மூவரும் அதுவரை ஒரு கூடாரத்தைத் தொட்டதுகூட இல்லை.

தூத்துக்குடியில் முதலில் ஏறியது விளையாட்டு உபகரணக் கடை. ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு கூடாரத்தை விரித்துக் காட்டினார் கடைக்காரர். வாயில் பாக்கு, பேசப் பேச எச்சில் தெறித்தது. கோமதி தன் பாட்டில் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தாள். தையல் வழியாக உள்ளே சொட்டியது.

"இப்படியா தண்ணிய ஊத்துவீங்க? இது மழைக்குள்ளது இல்லம்மா" என்றார் அவர்.

"பின்ன எதுக்குள்ளது அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்தது, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட கூடாரங்களை விற்றுக்கொண்டிருந்த ஒரு வீடு. ஜிப்பைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. தரையில் காய்ந்த வாந்தி, அதில் ஒட்டிய கோழி எலும்பு, எலும்பைச் சுற்றிக் கரப்பான்கள். "லேசா தொடச்சா புதுசு மாதிரி ஆயிரும்" என்று அந்த ஆள் கூசாமல் சொன்னான். இப்ராகிம் தெருவுக்கு ஓடிப் போய்க் காறித் துப்பினான்.

கடைசியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பழைய கப்பல் சாமான் விற்கும் கிடங்கு. மூலையில் கிடந்த பச்சைக் கூடார மூட்டையை அவிழ்த்தபோது மூவரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்தினார்கள். மடிப்புக்குள் ஒரு எலி செத்து, சப்பையாகித் துணியோடு ஒட்டியிருந்தது.

"வா போயிருவோம்ட்டி. இதுல படுக்கதுக்கு மழைலயே நனையலாம்" என்றாள் கோமதி.

பிலோமினா போகவில்லை. குச்சியால் எலியைச் சுரண்டி எறிந்துவிட்டுத் துணியைத் தடவிப் பார்த்தாள். மேலே மழைக்குத் தனியாக இன்னொரு விரிப்பு இருந்தது. தையலெல்லாம் பட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். தரைத்துணி தொட்டியைப் போல ஓரங்களில் ஏறி நின்றது. கம்பிகளைக் கோத்து நிறுத்தி, "ஏல, உள்ள போய்ப் படு" என்றாள் இப்ராகிமிடம்.

"நானா?"

"நீதான் நெட்டையா இருக்க. காலு நீட்ட இடம் இருக்கான்னு பாக்கணும்லா."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனான். பெண்கள் இருவரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே வந்தவன் முகம் வெளிறியிருந்தது. "சொட்டுத் தண்ணி எறங்கல. ஆனா நான் செத்துருவேன்" என்றான்.

அதையே வாங்கி வந்து சோப்பு, எலுமிச்சை, டெட்டால் எல்லாம் போட்டுக் கழுவினார்கள். நாற்றம் அசையவில்லை. எலுமிச்சை தேய்த்த எலியாக மணந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அலுவலரிடம் கூடாரத்தைக் காட்டிவிட்டு மலையேறும்போதே அட்டைகள் ஏறின. கோமதி முழங்காலுக்குப் பின்னாலிருந்து ரத்தம் குடித்து ஊதிய ஒன்றைப் பிடுங்கி, அருவருப்பில் கையை உதறினாள். சாயங்காலம் வானம் உடைந்ததைப் போல மழை பிடித்தது. வழிகாட்ட அலுவலர் அனுப்பிய வனக்காவலர் சேர்மக்கனி, பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு வெளியே இருந்தவர், சிறிது நேரத்திலேயே கூடாரத்துக்குள் புகுந்தார்.

"என்னம்மா, பொணத்தோட படுத்த மாதிரி நாறுது."

"வெளிய போறீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள் கோமதி.

"வேண்டாம்மா. இங்கயே கெடக்கேன்."

விடிந்தபோது கூடாரத்தைச் சுற்றிலும் சேறு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போட்டிருந்த தீப்பெட்டிகூட நனையவில்லை. அவர்கள் நனைந்திருந்தால் காவலர் அந்தக் குளிரில் அப்படியே கீழே இறக்கியிருப்பார். மாறாக, பாறைப் பிளவுக்கு அழைத்துப் போனார்.

உள்ளே நசுங்கிய விமானத்தின் வயிறு கிடந்தது. அதற்குள் முழங்கால் அளவு வௌவால் எச்சம், மூச்சை அறுக்கும் காரநெடி. டார்ச்சை அடித்ததும் அந்தக் குவியல் முழுக்கப் புழுக்கள் நெளிந்தன. கோமதி வெளியே ஓடிப் போய் வாந்தியெடுத்தாள். பிலோமினா உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் உள்ளே விட்டுத் துழாவினாள். தகரம், கம்பி, மறுபடி தகரம். பிறகு உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது.

ஒரு பித்தளை டம்ளர். இப்ராகிம் தண்ணீர் ஊற்றினான். விளிம்புக்குக் கீழே, பாத்திரக் கடையில் வெட்டிக் கொடுத்த எழுத்துகள் மெல்லத் தெரிந்தன: 'ச. மிக்கேல்'.

அவள் அங்கேயே அந்த அசிங்கத்தில் உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

கூடாரம் வாங்கப் போகிறவர்கள் இப்போது இப்ராகிமிடம்தான் யோசனை கேட்கிறார்கள். "தண்ணி ஊத்திப் பாரு, உள்ள படுத்துப் பாரு. நாத்தத்தப் பாத்து ஓடிராத" என்பான்.

ஊர் திரும்பிய அன்று வாசலிலேயே பிலோமினாவின் அம்மா டம்ளருக்காகக் கையை நீட்டினாள்.

"கழுவிட்டுத் தாரேன்மா, வாடை அடிக்கும்" என்றாள் பிலோமினா.

"குடுட்டி" என்று வாங்கிக்கொண்ட அம்மா, அந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு டம்ளரை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.